என் கவனக்குறைவால்

அந்தத் தையல் கம்பெனியில் யார் எதை உடைத்தாலும், கிழித்தாலும், தொலைத்தாலும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கடிதம்தான். ‘மேற்படி தவறு என் கவனக்குறைவால் நேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.’ மாடி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட்தான் ஆறு வருஷமாக அதை அடித்துக் கொடுக்கிறாள். அடிப்பது என்ன அடிப்பது! கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றி அச்செடுத்தால் தீர்ந்தது வேலை. கீழே தைக்கிற பெண்கள் அதற்குக் ‘கவனக் கடுதாசி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கூரை ஒழுகித் துணிக்கட்டு நனைந்ததா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கவனக்குறைவு. இஸ்திரிப்பெட்டியின் வயர் தேய்ந்துபோய் ஷாக் அடித்ததா? ஷாக் வாங்கியவனின் கவனக்குறைவு. கேட்டீர்களா அநியாயத்தை! கூரையை நாலு மழைக்காலமாகப் பார்க்காதவருக்கும், வயரை மாற்றாதவருக்கும் அந்தச் சொல் ஒருநாளும் போய்ச் சேர்ந்ததில்லை. அவர்களுக்கு வேறு சொற்கள் உண்டு. ‘நிர்வாகக் காரணங்கள்’ என்பார்கள், ‘தவிர்க்க இயலாத சூழ்நிலை’ என்பார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

டைப்பிஸ்டுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து பொருமுவாள். வீட்டுக்குப் போய் புருஷனிடம் கத்துவாள்.

“கத்துறதை அங்க கத்து. நான் என்ன மேனேஜரா?” என்பான் அவன்.

“அங்க கத்தினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. உங்களைக் கட்டிக்கிட்டது எதுக்கு, இதுக்குத்தானே!” என்பாள் அவள். மறுநாள் காலையில் போய் பெயரையும் தேதியையும் மாற்றி அச்செடுப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்கியதாகத் தெரியவில்லை. மேஜைமேல் ஒரு சின்ன கவுன் கிடந்தது. மஞ்சள் நிறம், கழுத்தில் காலர், உலோகப் பொத்தான்.

“நாம அனுப்பின சரக்கும்மா. கடையில வாங்கிட்டுப் போய் குழந்தைக்குப் போட்டிருக்காங்க. காலருக்குள்ள ஊசி முனை. குழந்தை கழுத்துல கீறிடுச்சு. வாங்குற கம்பெனியிலேருந்து அதிகாரி அம்மா மூணு மணிக்கு வர்றாங்க. அவங்க வரும்போது விளக்கக் கடிதம் கையெழுத்தோட தயாரா இருக்கணும். லேபிள்ல இருக்கிற கட்டு நம்பரைப் பார்த்தாச்சு. ஏழாவது லைன், காலர் மிஷின்.”

டைப்பிஸ்ட் கவுனின் காலரைத் திருப்பிப் பார்த்தாள். ஏழாவது லைன் காலர் மிஷினில் உட்கார்ந்து தைப்பவள் அவளுடைய நாத்தனார். புருஷனின் தங்கை.

“ஆமாம்மா, உங்க சொந்தக்காரப் பொண்ணுதான். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க சொன்னா கேப்பா. கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. அப்புறம் அவளை நிறுத்தியாகணும், வேற வழியில்லை.”

“விசாரிச்சீங்களா சார்?”

“இதுல விசாரிக்க என்னம்மா இருக்கு? கவனக்குறைவு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! அந்தக் கடிதம் ஒருத்தியின் கோப்பில் ஏறினால், சுற்றுவட்டாரத்தில் எந்தத் தையல் கம்பெனியும் அவளை வாசல்படியில்கூட நிறுத்தாது. போன இடத்தில் எல்லாம் பழைய கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். நாத்தனாருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். தன் புருஷன் தவறிப்போன பிறகு நாலு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்து நடப்பது அந்தக் காலர் மிஷினை நம்பித்தான்.

அதுவும் யாரைப் போய்க் கவனக்குறைவு என்கிறார்கள்! வீட்டில் அவளுக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். துவைத்த துணியை மடிக்கும்போதே எந்தச் சட்டையில் எத்தனை பொத்தான் குறைகிறது என்று சொல்லிவிடுவாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடி வீட்டைத் தலைகீழாகப் புரட்டும்போது, “உன் தலைமேல இருக்கு பாரு” என்று அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவள் என்று யாரையாவது காட்டச் சொன்னால் டைப்பிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டு அவளைக் காட்டுவாள்.

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு டைப்பிஸ்ட் கீழே இறங்கினாள். ஏழாவது லைனில் காலர் மிஷின் காலியாக இருந்தது. காலையிலேயே எழுப்பிவிட்டார்களாம். நாத்தனார் துணி அடுக்கும் அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“அண்ணி, அந்தக் குழந்தைக்கு இப்ப எப்படி இருக்காம்?”

டைப்பிஸ்ட் அப்படியே நின்றுவிட்டாள். மேனேஜர் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை. கம்பெனியே கையெழுத்துக்கு அலைகிறபோது இவள் ஒருத்திதான் குழந்தையைக் கேட்கிறாள்.

“தெரியலைடி. லேசான கீறல்தான்னு நினைக்கிறேன். நீ முதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு.”

நாத்தனார் சொன்னாள். சொல்லும்போது கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது.

அந்தக் கம்பெனியில் ஊசி உடைந்தால் ஒரு முறை உண்டு. துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். சூப்பர்வைசர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்டையைக் காட்டினால்தான் ஸ்டோரில் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்த மிஷினைச் சுற்றியுள்ள துணி அத்தனையையும் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். நல்ல முறை. குழந்தைகள் போடும் உடுப்பு அல்லவா!

“ஒன்றரை மாசம் முன்னாடி அண்ணி. காலர் தைக்கும்போது ஊசி மூணா உடைஞ்சுது. ரெண்டு துண்டு கிடைச்சுது, முனை கிடைக்கலை. மிஷினை நிறுத்தினேன். காந்தத்தை வெச்சுத் தரையெல்லாம் தடவினேன். துணியை ஒதுக்கணும்னு சொன்னேன். அதுக்குள்ள விசில் வந்துட்டாரு.”

விசில் என்பது லைன் சூப்பர்வைசர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். யாராவது தலையைத் தூக்கினால் ஊதுவார். அதனால் அந்தப் பெயர்.

“வந்து என்ன பண்ணாரு?”

“பாக்கெட்டிலேருந்து ஒரு மாத்திரை டப்பா எடுத்தாரு அண்ணி. உள்ள பூரா உடைஞ்ச ஊசித் துண்டு. அதுலேருந்து ஒரு முனையை எடுத்து என் அட்டையில ஒட்டிட்டாரு. ‘கிடைச்சாச்சு, ஓட்டு’ன்னாரு. நான் ‘இது என் ஊசி இல்லை சார்’னேன். ‘நீ என்ன ஊசிக்கு ஜாதகம் பார்க்கிறியா? லைன் நிக்குது, ஓட்டு’ன்னு காதுகிட்ட விசில் ஊதினாரு. எல்லார்கிட்டேயும் இப்படித்தான் பண்ணுவாரு. எல்லாருக்கும் தெரியும்.”

“கடைசியில இரும்பு கண்டுபிடிக்கிற மிஷின்ல போகுமே, அதுல கத்தியிருக்கணுமே?”

“இந்த கவுனுக்கு உலோகப் பொத்தான் அண்ணி. ஒவ்வொண்ணுக்கும் கத்திக்கிட்டே இருக்குன்னு அந்த மிஷினை அணைச்சே வெச்சிருந்தாங்க.”

அடப்பாவிகளா! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். தேடியவள் இவள். நிறுத்தியவள் இவள். ஒதுக்கச் சொன்னவள் இவள். மொத்தக் கட்டடத்திலும் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே ஆளைப் பிடித்து, உனக்குக் கவனம் போதவில்லை என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். டைப்பிஸ்டுக்கு ரத்தம் கொதித்தது.

நாத்தனார் அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டாள். மெதுவாக வாங்கிப் படித்தாள்.

“பேனா குடுங்க அண்ணி.”

“எதுக்கு?”

“நான் போடலைன்னா உங்களை வம்புல மாட்டி விடுவாங்க. எனக்கு வேலை போனா என்னையும் என் பொண்ணையும் மட்டும்தான் பாதிக்கும். உங்களுக்குப் போனா வீடே நின்னுடும். குடுங்க.”

“வாயை மூடு. கையை உடைச்சிடுவேன். குட்டக் குட்டக் குனியறதுக்கா உங்கண்ணன் உன்னைப் படிக்க வெச்சாரு?” என்று கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள் டைப்பிஸ்ட். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, ஒரு பெட்டியைக் காலால் எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தாள்.

நேராக ஸ்டோருக்குப் போய், மாடி ஆபீஸுக்கு மாதிரி வேண்டும் என்று சொல்லி, அட்டை இல்லாமலே காலர் மிஷினுக்கான புது ஊசி ஒன்றை வாங்கினாள். மாடிக்கு வந்து, பீரோவைத் திறந்து, ஊசி அட்டைகளின் கோப்பை எடுத்தாள். ஏழாவது லைன், காலர் மிஷின், அந்தத் தேதி. கிடைத்துவிட்டது. டேப்புக்கு அடியில் மூன்று துண்டுகள் வரிசையாக இருந்தன. கீழே விசிலின் கையெழுத்து. புது ஊசியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உடைந்த ஊசி முழு ஊசியைவிட ஒரு நகக்கண் அளவு நீளமாக இருந்தது!

உடைந்தால் வளருகிற ஊசியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? அந்தக் கோப்பில் எத்தனையோ இருந்தன. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஓர் அட்டையில் ஒரே ஊசிக்கு இரண்டு முனை. இன்னொன்றில் மெல்லிய ஊசிக்குத் தடித்த முனை. மற்றொன்றில் துருப்பிடித்த துண்டு, நேற்று உடைந்த ஊசிக்கு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால்கூட மேலே கொஞ்சம் சோற்றையாவது போடுவார்கள். இவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. வெறும் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

“இதை எவன் பார்த்து உள்ள விட்டான்?” என்று தனியாகக் கத்தினாள். கத்திய பிறகுதான் கண்ணில் பட்டது. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை. ‘சரிபார்க்கப்பட்டது.’ முத்திரைக்குள்ளே சின்னதாக ஒரு கையெழுத்துச் சுழி.

அது அவளுடைய சுழி.

மாலை ஐந்தே முக்காலுக்கு அட்டைகள் மாடிக்கு வரும். ஆறு மணிக்கு பஸ். கட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு டப் டப் என்று முத்திரை குத்திச் சுழி போடுவாள். ஒன்றைக்கூட ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. குத்திக்கொண்டே போனில் புருஷனிடம் மேனேஜரைத் திட்டுவாள்.

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். யார் மேலோ பாய்வதற்குத் தயாராக வந்த கோபம் திரும்பி அவள் மேலேயே பாய்ந்தது. ‘சீ, நீயும் ஒரு மனுஷியா?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். ஆறு வருஷமாக ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் கவனக்குறைவு என்று அடித்துக் கொடுத்தவள், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்ததுண்டா? பார்க்க வேண்டியது கண்முன்னால் இருக்கிறது, பார்ப்பது தன் வேலை, பார்க்கவில்லை. அதுதானே அர்த்தம்? அப்படியானால் நாத்தனாருக்கு அது பொருந்தாது, அவள் பார்த்தாள். விசிலுக்கும் பொருந்தாது. டப்பாவைத் திறந்து, துண்டைப் பொறுக்கி எடுத்து, டேப்பை நேராக ஒட்டியவர் நல்ல கவனத்தோடுதான் செய்திருக்கிறார். அந்தக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிற ஆள் ஒரே ஒருத்திதான். அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு சுற்றறிக்கைகளின் கோப்பைத் திறந்தாள். ஞாபகம் சரியாகத்தான் இருந்தது. மேனேஜர் சொல்ல, அவளே அடித்தது. ‘உடைந்த ஊசி தேடும் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. எந்த அட்டையும் துண்டு குறைவாக வரக் கூடாது.’ இரண்டு வரியும் அடுத்தடுத்து இருந்தன. ஐந்து நிமிஷத்தில் கிடைக்காவிட்டால் துண்டு ஆகாயத்திலிருந்தா வரும்? டப்பாவிலிருந்துதான் வரும்.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பெயரை மாற்றினாள், தேதியைப் போட்டாள், அச்செடுத்தாள். மறுபடி பெயரை மாற்றினாள். மூன்று கடிதங்கள்.

மூன்று மணிக்கு வாங்கும் கம்பெனியின் அதிகாரி அம்மாள் வந்தார். தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். மேனேஜர் அறையில் விசிலும் நின்றிருந்தார், கழுத்தில் விசில் இல்லாமல். டைப்பிஸ்ட் நாத்தனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அக்குளில் கோப்பு இருந்தது.

“கையெழுத்து வாங்கியாச்சா?” என்றார் மேனேஜர்.

“இதோ சார். மேடம், முதல்ல இதைப் பாருங்க” என்று அட்டையையும் புது ஊசியையும் அதிகாரி அம்மாளின் முன்னால் வைத்தாள். அப்புறம் இரண்டு முனை இருந்த அட்டை, துருப்பிடித்த அட்டை, சுற்றறிக்கை. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, “ஒரு நிமிஷம்” என்று கையைக் காட்டினார்.

நாத்தனாரிடம் நடந்ததைக் கேட்டார். அவள் காலையில் அண்ணியிடம் சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, “குழந்தைக்கு எப்படி இருக்குங்க?” என்றாள்.

“ஆறிடுச்சும்மா” என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு முதல்முறையாக அவர் குரல் இளகியது. “இந்தப் பொண்ணு மேல எந்தக் கடிதமும் வேண்டாம். அவளை மிஷினுக்கு அனுப்புங்க.”

நாத்தனார் அண்ணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கீழே போனாள்.

டைப்பிஸ்ட் முதல் கடிதத்தை மேஜையில் வைத்தாள். “இது என்னோடது மேடம். அத்தனை அட்டையிலேயும் முத்திரை குத்தினது நான். ஒண்ணைக்கூடப் பார்த்துக் குத்தலை. என்னை நிறுத்தினாலும் சரி.” எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது கடிதத்தை விசிலிடம் நீட்டினாள். அவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“நான் எதுக்குப் போடணும்? என் தலையில மட்டும் கட்டப் பார்க்கிறீங்களா? டப்பாவைக் குடுத்ததே சார்தான்! பழைய அட்டையைக் கழிக்கும்போது துண்டையெல்லாம் சேர்த்து வை, அவசரத்துக்கு உதவும்னு சொன்னதும் சார்தான்!”

“யோவ்!” என்றார் மேனேஜர்.

“என்ன யோவ்? எனக்கும் ரெண்டு பசங்க இருக்கு சார்!”

மூன்றாவது கடிதம் மேனேஜரின் முன்னால் போய் உட்கார்ந்தது. அவர் படித்தார். அவருடைய பெயருக்குக் கீழே அந்த வரி எப்படி இருக்கும் என்று அவர் இதுவரை பார்த்ததில்லை. காது மடல்கள் சிவந்துபோயின. அதிகாரி அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது,” என்று மேனேஜர் குரலைத் தாழ்த்தி டைப்பிஸ்டிடம் சொன்னார், “கவனக்குறைவுன்னு எல்லாம் போட்டிருக்கீங்க. இருபது வருஷ சர்வீஸ்ம்மா எனக்கு. இந்த வார்த்தை ரொம்ப அசிங்கமா இருக்கு. வேற ஏதாவது வார்த்தை போட்டுக் கொண்டு வாங்களேன்.”

“போடலாம் சார். எனக்கும் அதான் தோணுச்சு, இந்த வார்த்தை உங்களுக்குப் பொருந்தலை,” என்றாள் டைப்பிஸ்ட். “நான் பார்க்காம விட்டேன். நீங்க பார்த்துட்டுத்தான் விட்டீங்க. ‘தெரிஞ்சே செஞ்சேன்’னு அடிச்சுக் கொண்டு வரட்டுமா?”

மேனேஜர் அதிகாரி அம்மாளைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார், சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார்.

“வேண்டாம், வேண்டாம். இதுவே இருக்கட்டும்” என்று சொல்லி, கவனக்குறைவுக்குக் கீழே அவசரம் அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.